டிராயிங் மாஸ்டர் பதில்கள்: வாளை வைத்திருக்கும் ராணி

போன இதழின் நடுப்பக்கத்தில் ஒரு பிரெஞ்சு ஓவியத்தை அச்சிட்டிருந்தோம். பியர்-நார்சிஸ் கெரான் வரைந்து 1802ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 'ஃபேட்ராவும் ஹிப்போலிட்டஸும்'. கிரேக்கப் புராணத்தில் வரும் ஒருதலைக் காதல் கதை. படத்துக்குக் கீழே நான் எழுதிய இரண்டு வரிக் குறிப்பு யாருக்கும் போதவில்லை என்று கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கோபமாக எழுதியவர்களும் உண்டு. ஆகவே இந்த மாதம் பென்சில் எது வாங்குவது, வாட்டர்கலர் ஏன் திட்டுத் திட்டாகிறது போன்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

படத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். யார் யார் என்றே புரியவில்லை. கதையைச் சொல்லுங்களேன்.
– வாசகி, கும்பகோணம்

வலது பக்கம் மூன்று பேர் நெருக்கமாக இருக்கிறார்கள் அல்லவா? தாடி வைத்து உட்கார்ந்திருப்பவர் தீசியஸ், ஏதென்ஸ் அரசர். அவர் பக்கத்தில் கண்ணை அகல விரித்துக்கொண்டு, கையில் வாளோடு இருப்பவள் அவருடைய மனைவி ஃபேட்ரா. அவள் காதருகே குனிந்து ஏதோ ஓதுகிறாளே, அவள் ஈனோன், ராணியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த செவிலி. இடது பக்கம் தனியாக, கையை நீட்டி மறுத்தபடி நிற்கும் இளைஞன் ஹிப்போலிட்டஸ். தீசியஸுக்கு அமேசான் குலப் பெண்ணிடம் பிறந்த மகன். ஃபேட்ராவுக்கு மூத்தாள் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேட்ரா இந்தப் பிள்ளை மேல் ஆசைப்பட்டுவிடுகிறாள். அடக்கி அடக்கிப் பார்க்கிறாள், சாப்பிடாமல் கிடக்கிறாள், சாகவும் முடிவு செய்கிறாள். வெளியூர் போன தீசியஸ் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அந்த நேரத்தில் மனதில் இருப்பதை அவனிடமே சொல்லிவிடுகிறாள். அவன் அதிர்ந்துபோய் விலகுகிறான். அவமானம் தாங்காமல் அவன் இடுப்பு வாளை உருவித் தன்னைக் குத்திக்கொள்ளப் போகிறாள். செவிலி அவளை இழுத்துக்கொண்டு போய்விட, வாள் ராணியிடமே தங்கிவிடுகிறது.

அப்புறம்தான் தீசியஸ் உயிரோடு திரும்பி வருகிறார். பையன் அப்பாவிடம் சொல்லிவிடுவானோ என்ற பயம். செவிலி முந்திக்கொண்டு, 'உங்கள் மகன் ராணியைப் பலாத்காரம் செய்யப் பார்த்தான், இதோ அவன் வாள்' என்று பழியைத் திருப்பிப் போடுகிறாள். தந்தை நம்பிவிடுகிறார், மகனைத் தண்டிக்கும்படி கடல் தேவனை வேண்டிச் சாபம் போடுகிறார். கடலிலிருந்து ஒரு பூதம் எழும்ப, ஹிப்போலிட்டஸின் தேர்க்குதிரைகள் மிரண்டு ஓட, அவன் இழுபட்டுச் சாகிறான். செவிலி கடலில் விழுந்து சாகிறாள். ஃபேட்ரா விஷம் குடித்துவிட்டு வந்து, புருஷன் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறாள்.

இது 1677ல் ராசீன் எழுதிய பிரெஞ்சு நாடகம் சொல்லும் விதம். கெரான் காலத்துப் பாரிஸ்காரர்களுக்கு இந்தக் கதை ராசீன் வழியாகத்தான் மனப்பாடம். அதற்கு இரண்டாயிரம் வருடம் முன்பே, கி.மு. 428ல், யூரிப்பிடிஸ் ஏதென்ஸ் மேடையில் இதை நாடகமாக்கிப் பரிசு வாங்கியிருக்கிறார்.

மகன் முறையானவன் மீது ஆசைப்பட்டு, அவனைக் கொலைக்கும் அனுப்பியவளுக்கு நம் பத்திரிகையின் நடுப்பக்கமா? இதில் மாணவர்கள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மதுரை

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இந்தப் படம் அவளைக் கொண்டாடுகிறது என்று நீங்கள் எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். நான்கு பேரில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். தீசியஸின் முறைப்பு மகன் மேல். மகன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். செவிலியின் கவனமெல்லாம் ராணியின் காதில். ராணி? புருஷனையும் பார்க்கவில்லை, காதலித்தவனையும் பார்க்கவில்லை. வெறித்த கண், எதிலும் நிலைக்காத பார்வை. அவன் அத்தனை அருகில் நிற்கிறான், திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. ஒருதலைக் காதலுக்கு இதைவிடக் கொடுமையான நிலை உண்டா?

இப்போது அந்த வாள். ஒரு வாயில்லாப் பாத்திரம்போல நடுவே இருந்துகொண்டு முழுக் கதையையும் அதுதான் நடத்துகிறது. அவனிடமிருந்து அவளுக்கு வாய்த்த ஒரே பொருள் அதுதான். அவன் கொடுத்ததும் இல்லை, அவளாகப் பிடுங்கியது. எதனால் சாக நினைத்தாளோ அதையே அவனைச் சாகடிக்கும் சாட்சியாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாள் யூரிப்பிடிஸிடம் கிடையாது. அங்கே ஃபேட்ரா முதலிலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறாள். பிணத்தின் கையில் கட்டியிருக்கும் ஓலைதான் ஹிப்போலிட்டஸ் மேல் பழி சொல்கிறது. வாளைக் கொண்டுவந்தவர் ரோமானிய நாடகாசிரியர் செனகா. அவருடைய ஹிப்போலிட்டஸ் சிற்றன்னையைக் கொல்லவே வாளை உருவுகிறான், அவள் தொட்டுத் தீட்டாகிவிட்டது என்று அதை வீசிவிட்டுப் போகிறான். ராசீன் அந்த வாளை எடுத்துக்கொண்டார், ஆனால் பழி சொல்லும் வேலையை ராணியிடமிருந்து பிடுங்கிச் செவிலி தலையில் கட்டிவிட்டார். ஏன் என்று நாடகத்தின் முன்னுரையில் அவரே காரணம் சொல்கிறார்: அபாண்டம் சொல்வது அவ்வளவு உயர்ந்த குணமுள்ள ஒரு அரசகுமாரியின் வாயில் வரக்கூடாத கீழான காரியமாம், ஒரு தாதிக்கு அது பொருந்துமாம். பார்த்தீர்களா, ஐயா? குற்றத்தைக்கூட வேலைக்காரிக்குத்தான் ஒதுக்குகிறார்கள். நாடகத்தில் எனக்குப் பிடிக்காத இடம் அது.

கெரான் இங்கேதான் ராசீனோடு ஒத்துப்போகவில்லை என்பது என் கட்சி. நாடகத்தில், தந்தையும் மகனும் நேருக்கு நேர் மோதும் காட்சியில் ஃபேட்ரா மேடையிலேயே கிடையாது. செவிலி சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள், பிறகு அப்பனும் பிள்ளையும் மட்டும் பேசுகிறார்கள். நான்கு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, பழி விழுகிற நொடியில் ராணியையும் அங்கேயே இருக்க வைத்தது ஓவியரின் சொந்தக் கற்பனை. செவிலி ஓதட்டும், வாள் யார் கையில் இருக்கிறது? ஒரு வார்த்தை பேசினால் பையன் பிழைப்பான். பேச வேண்டியவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், பேசவில்லை. ராசீன் கொடுத்த சலுகையை ஓவியர் ரத்து செய்துவிட்டார்.

நாடகத்திலும் அவள் மௌனத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. மனசாட்சி உறுத்தி, மகனைக் காப்பாற்றச் சொல்லிப் புருஷனிடம் வருகிறாள். அப்போது தீசியஸ் போகிற போக்கில், 'அவன் அரீசியா என்ற பெண்ணைக் காதலிப்பதாகச் சொன்னான்' என்கிறார். அவ்வளவுதான். வந்த வேலையை மறந்து வாயை மூடிக்கொள்கிறாள். காதல் கிடைக்கவில்லை என்பதைத் தாங்கிக்கொண்டவளுக்கு, அது வேறொருத்திக்குக் கிடைத்தது என்பதைத் தாங்க முடியவில்லை.

மாணவர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கண்ணை எப்படி வரைவது என்று கற்றுக்கொள்ளலாம். என் பாடம் அது.

இது அப்படியே சாரங்கதரன் கதை அல்லவா? நம்மிடமிருந்து அவர்கள் எடுத்தார்களா, அவர்களிடமிருந்து நாம் எடுத்தோமா?
– வாசகர், திருநெல்வேலி

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பம்மல் சம்பந்த முதலியார் நாடகமாக்கிய கதை, சினிமாவாகவும் வந்த கதை. ராஜராஜ நரேந்திரனின் இளைய மனைவி சித்திராங்கி, மூத்தாள் மகன் சாரங்கதரன் மேல் ஆசை வைக்கிறாள். அவன் மறுக்கிறான், அவள் பழி போடுகிறாள், அப்பா கை காலை வெட்டச் சொல்கிறார். அசோகரின் மகன் குணாளன் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. இளைய ராணி திஷ்யரட்சிதை அவன் கண்களின் அழகில் மயங்கி, மறுத்தபின் அந்தக் கண்களையே பிடுங்க வைத்தாள் என்று பௌத்த நூல் சொல்கிறது. பைபிளில் யோசேப்பு கதையில் எஜமானன் மனைவி இருக்கிறாள், அங்கே வாளுக்குப் பதில் மேலங்கி சாட்சி.

எடுத்தார்கள், கொடுத்தார்கள் என்று தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். வயதான ராஜா, இளவயது இரண்டாம் மனைவி, கல்யாண வயதில் மூத்தாள் மகன். இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருந்த ஊர்களில் எல்லாம் இந்தக் கதை தானாக முளைத்திருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் சின்ன வயதில் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதியவன். அரண்மனை, நந்தவனம், சிறைச்சாலை என்று துணியில் எழுதிக் காயவைத்துச் சுருட்டித் தருவேன். சாரங்கதரனுக்கும் எழுதியிருக்கிறேன். எங்கள் மேடையில் சித்திராங்கி வந்தாலே கூட்டம் கரித்துக் கொட்டும், அந்த வேஷம் கட்டுபவருக்கு அதுதான் வெற்றி. அவளுக்கு வெட்கம், குற்ற உணர்ச்சி எல்லாம் எழுதி வைத்தாலும் யாரும் கேட்கத் தயாராக இருக்க மாட்டார்கள். ராசீனின் ஃபேட்ரா வேறு ஜாதி. மேடைக்கு வரும்போதே குற்ற உணர்ச்சியில் பாதி செத்துத்தான் வருகிறாள். முழுக் குற்றவாளியும் இல்லை, முழு நிரபராதியும் இல்லை என்று ராசீனே முன்னுரையில் சொல்கிறார். அந்த இரண்டுங்கெட்டான் நிலையைத்தான் கெரான் அந்தக் கண்ணில் பிடிக்கப் பார்த்தார்.

'நியோகிளாசிக்கல்' என்று குறிப்பில் போட்டிருந்தீர்கள். அப்படியென்றால் என்ன? எனக்கு இது நாடகத்தில் எல்லோரும் அசையாமல் நிற்கிற மாதிரிதான் தெரிகிறது. உயிரே இல்லை.
– கல்லூரி மாணவர், கோவை

நாடக மேடை என்று கண்டுபிடித்தீர்களே, அதற்கே மார்க் போடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியம், பாம்பேய் ஊர்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். முதலாவது 1738ல், அடுத்தது 1748ல். பழைய சுவரோவியமும் சிலைகளும் வெளியே வரவர, ஐரோப்பா முழுக்கக் கிரேக்க, ரோமானிய மோகம் பிடித்துக்கொண்டது. அதுவரை பிரான்ஸில் ஓடிக்கொண்டிருந்தது இளஞ்சிவப்பும் மேகமும் ஊஞ்சலுமான ஒரு பாணி. அது சலித்துப் போயிற்று. ஜாக்-லூயி டேவிட் என்பவர் 1785ல் பாரிஸ் கண்காட்சியில் 'ஹொரேஷியர்களின் சபதம்' படத்தை வைத்ததும் காற்று திரும்பிவிட்டது.

இந்தப் பாணியின் லட்சணங்களை நடுப்பக்கத்திலேயே பார்க்கலாம். ஆட்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஆழத்தில் போக மாட்டார்கள், கோயில் சுவரின் புடைப்புச் சிற்பம் மாதிரி குறுக்கு வரிசையில் நிற்பார்கள். உருவங்களின் வெளிக்கோடு தெளிவாக இருக்கும். தூரிகை ஓடிய தடமே தெரியாத வழவழப்பு. உணர்ச்சியை நிறம் சொல்லாது, கையும் முகமும் சொல்லும். தீசியஸின் மடக்கிய முஷ்டியையும் மகனின் விரிந்த உள்ளங்கையையும் பாருங்கள். ஒன்று தீர்ப்பு, ஒன்று மறுப்பு. எங்கள் நாடகக் கம்பெனியிலும் கடைசி வரிசை பெஞ்சுக்கு வசனம் கேட்காது என்பதால் கைதான் பேசும்.

கெரானுக்கு மேடை மேல் உண்மையிலேயே பித்து. பின்னால் 1810ல் ராசீனின் இன்னொரு நாடகத்திலிருந்து 'ஆண்ட்ரோமாக்கியும் பிர்ரஸும்' வரைந்தார். ஃபேட்ரா படம் காட்சிக்கு வந்த அதே 1802ல், துஷெனுவா என்ற புது நடிகை காமெடி ஃபிரான்சேஸ் அரங்கில் முதல் முதலாக மேடையேறினார். எந்த வேஷத்தில் என்று நினைக்கிறீர்கள்? ஃபேட்ராவாக. ஊரே ஃபேட்ராவைப் பற்றிப் பேசிய வருடம் அது. இரண்டரை மீட்டர் உயரம், மூன்று மீட்டருக்கு மேல் அகலம் உள்ள ஓவியத்தின் முன்னால் நின்ற ரசிகனுக்கு அது மேடையாகவே தெரிந்திருக்கும். பத்திரிகையில் உள்ளங்கை அகலத்தில் அச்சிட்டால் பொம்மையாகத்தான் தெரியும், அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

உயிரில்லை என்கிறீர்கள். ஹிப்போலிட்டஸ் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். வில்லும் வேட்டை நாயுமாக ஒரு அழகான பளிங்குச் சிலை வந்து நிற்கிறது, அவ்வளவே. பழி சுமத்தப்பட்ட ஒரு பையனுக்கு முகம் சிவந்திருக்க வேண்டாமா, குரல் உடைந்திருக்க வேண்டாமா? இந்த நிதானம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் வலது பக்க மூவரைக் கையால் மறைக்காமல், ஹிப்போலிட்டஸை மட்டும் மறைத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் எவ்வளவு நெரிசல், எவ்வளவு மூச்சுமுட்டல்!

கெரான் என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பெரிய ஓவியரா?
– வாசகி, சேலம்

அவர் காலத்தில் மிகப் பெரியவர். 1774ல் பாரிஸில் பிறந்தவர். டேவிட்டின் போட்டியாளரான ரென்யோவிடம் படித்தார். 1797ல் ரோமுக்கு அனுப்பும் அரசுப் பரிசு வாங்கினார். 1799ல் 'மார்க்கஸ் செக்ஸ்டஸின் திரும்புதல்' என்ற படம் அவரை ஒரே நாளில் உச்சிக்குக் கொண்டுபோனது. நாடு கடத்தப்பட்ட ரோமானியன் வீடு திரும்பி, மனைவி செத்துக் கிடப்பதைக் காணும் காட்சி. புரட்சிக்குப் பயந்து பிரான்ஸை விட்டு ஓடியவர்கள் திரும்பிக்கொண்டிருந்த சமயம், ஜனங்கள் படத்தில் தங்கள் கதையைப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து வந்ததுதான் நம் ஃபேட்ரா. பிற்பாடு ரோமில் இருந்த பிரெஞ்சு கலைக்கழகத்துக்குத் தலைவரானார், 1833ல் அங்கேயே காலமானார்.

இன்று அவர் பெயர் அடிபடுவது பெரும்பாலும் சீடர்களால்தான். 1819ல் 'மெடூசாவின் தெப்பம்' வரைந்த ஜெரிக்கோ, பின்னால் வந்த டெலாக்ரா, இருவரும் அவர் பட்டறையில் கற்றவர்கள். இவர் கட்டிக் காத்த அமைதியையும் வழவழப்பையும் சுக்குநூறாக்கியவர்கள் அவர்களே. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தன் போக்கில் விட்டுவைத்த வாத்தியார் என்பதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

இன்னொன்று. அவருடைய நடுப்பெயர் நார்சிஸ். எக்கோ என்ற பெண் உருகி உருகிக் காதலித்தும் ஏறெடுத்துப் பார்க்காமல், குளத்தில் தெரிந்த தன் முகத்தையே காதலித்தானே, அவன் பெயர். ஒருதலைக் காதலைப் பிறக்கும்போதே பேரில் வாங்கி வந்தவர்!

செவிலி காதில் ஓதுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதே ஓவியரோ, வேறு ஓவியர்களோ இப்படி வரைந்த ஒருதலைக் காதல் படங்களைச் சொல்லுங்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் கண் சரியான இடத்தில் நின்றிருக்கிறது. 'ஓதிக்கொடுக்கும் ஆள்' கெரானை விடவே இல்லை. 1817ல் அவர் வரைந்த கிளைட்டம்னெஸ்ட்ராவில், தூங்கும் கணவனைக் கொல்லத் தயங்குகிற ராணியைக் கள்ளக் காதலன் பின்னாலிருந்து தள்ளுகிறான். அங்கேயும் ராணி கையில் ஆயுதம், பின்னால் ஒரு குரல். ஃபேட்ராவில் தொடங்கியதை அங்கே விளக்கு வெளிச்சத்தில் முடித்தார் என்று சொல்லலாம்.

1815ல் வரைந்த டைடோ படம் இன்னும் நயமானது. டிராய் போரின் கதையை ஈனியஸ் சொல்ல, கார்த்தேஜ் ராணி டைடோ சாய்ந்து படுத்துக் கேட்கிறாள். அவன் மகன் உருவில் வந்திருக்கும் மன்மதன் அவள் விரலிலிருந்து, செத்துப்போன கணவன் போட்ட மோதிரத்தை மெல்லக் கழற்றுகிறான். அவளுக்குத் தெரியவே இல்லை. அவளை விட்டுவிட்டு ஈனியஸ் கப்பலேறப் போகிறான் என்பது நமக்குத் தெரியும். ஃபேட்ராவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள்.

வேறு ஓவியர் என்றால், 1801ல் அந்துவான்-ஜான் குரோ வரைந்த சாஃபோ. ஃபாவோன் என்ற படகோட்டி தன்னைக் கைவிட்டதால் கவிஞர் சாஃபோ லூக்கஸ் மலைமுகட்டிலிருந்து கடலில் குதித்ததாக ஒரு கதை உண்டு. நிலா வெளிச்சம், கண்ணை மூடிக்கொண்டு யாழை அணைத்தபடி விளிம்பில் ஒரு கால். பிரான்ஸில் பாயே என்ற ஊரில் இருக்கிறது. ஃபேட்ராவே வேண்டுமென்றால் கபானெல் 1880ல் வரைந்தது மான்பெல்லியே நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவள் இன்னும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, கட்டிலில் துவண்டு கிடக்கிறாள். நல்ல துணி, நல்ல கட்டில். ஆனால் எனக்கு அது வெறும் பசி மயக்கமாகத்தான் தெரிகிறது.

அடுத்த ஆண்டு மகள் வீட்டுக்குப் பாரிஸ் போகிறேன். இந்தப் படத்தை எங்கே பார்க்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

லூவர் அருங்காட்சியகத்தில். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அன்று போய் ஏமாறாதீர்கள். உள்ளே போனதும் கூட்டம் மோனலிசாவை நோக்கித்தான் ஓடும், ஓடட்டும். நீங்கள் பிரெஞ்சு ஓவியங்களின் பக்கம் திரும்பி, ஃபேட்ராவுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், கிட்டத்தில் போனால் முழுசாகக் கண்ணில் அடங்காது. கிளம்பும் முன் ஜெரிக்கோவின் தெப்பத்தையும் பார்த்துவிடுங்கள், அதுவும் அதே அருங்காட்சியகத்தில்தான். வாத்தியாரை முதலில் பாருங்கள், சிஷ்யனைப் பிறகு. வரிசை மாறினால் வாத்தியார் பாவம்.